செம்பண்ணாச்சி தேறாத பரீட்சை

பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த காலத்தில்கூட, முதல் செம்பைத் தரைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது செம்பைத் தான் குடித்த ஒரே மனிதர் கோவில்பட்டியில் செம்பண்ணாச்சிதான். பெற்றோர் வைத்த பெயர் பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அவர் மேசைமேல் தண்ணீர் தெளித்ததில் முதல் நாளே அதுவும் அழிந்துபோயிற்று.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். இயந்திரம் வந்த பிறகு கையால் வேலை நடந்த தீப்பெட்டி ஆலைகள் பல மூடிக் கிடந்தன. அவற்றின் ஷெட்டுகளிலும் சாக்கடைகளிலும் பழைய ரசாயனம் தங்கியிருந்தது. அதை அள்ளிச் சுத்தம் செய்ய, வேலை இழந்தவர்களுக்கே அரசு செலவில் நாற்பது நாள் பயிற்சி என்று அறிவித்தார்கள். தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஷெட்டுக்குள் வேலை. ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராகத் தொடக்க விழாவுக்குப் போனேன். செம்பண்ணாச்சியைப் பார்த்ததால் மறுநாளும் போனேன்.

பதினெட்டு வருடம் மருந்து கலந்தவர் அவர். தீக்குச்சி முனையில் ஏற்றும் கலவைக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். காய்ந்த மருந்துத் தூளை உரசினால் பற்றிக்கொள்ளும். அதனால் மருந்து அறையில் தண்ணீர் தெளிக்காமல் பெருக்கக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது, இரும்பு உள்ளே வரவே கூடாது. ஆலை மூடிய பிறகும் அண்ணாச்சி இந்தச் சட்டத்தைக் கைவிடவில்லை. பெஞ்சில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"கல்யாணத்துல பொண்ணு தலையிலயும் தெளிச்சிட்டுத்தான் தாலி கட்டுனாவளாம்" என்றாள் முத்தம்மா. அதே ஆலையில் பெட்டிக்குள் குச்சி அடைத்தவள்.

"ஏட்டி, இன்னைக்கு வரைக்கும் அவ பத்திக்கிடலல்லா" என்றார் அண்ணாச்சி.

பயிற்சியாளர் மதுரைக்காரர். மூன்றாம் நாள் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டார். அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். அவர் போவதைக் கண்ட ஆலைத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் பின்னாலேயே ஓடினார்கள். பயிற்சியாளர் காலி பெஞ்சுகளுக்குப் பாதிப் பாடம் நடத்திய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மூச்சுக் கவசம் கொடுத்தார்கள். பழகிக்கொள்ள வேண்டும் என்று அண்ணாச்சி அதை மாட்டிக்கொண்டே டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். "அண்ணாச்சி, எந்த ஸ்டாப்பு டிக்கெட்டுன்னு மூஞ்சியத் தொறந்து சொல்லுங்க" என்று கண்டக்டர் கெஞ்சினார். அண்ணாச்சி விரலால் பஸ்ஸின் தூசிக் கண்ணாடியில் ஸ்டாப்பின் பெயரை எழுதிக் காட்டினார்.

படிப்பு அவருக்கு எழுத்துக்கூட்டும் அளவுதான். முத்தம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டே கையேடு முழுவதையும் மனப்பாடம் செய்தார். ஒரே ஒரு வரியில் முட்டிக்கொண்டார். கழிவை உலர்ந்த நிலையிலேயே பெருக்கி அள்ள வேண்டும், ஈரம் பட்டால் நஞ்சு மண்ணுக்குள் இறங்கும் என்றது கையேடு. வேறு ஏதோ ஆலைக் கழிவுக்காக எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தார்கள்.

"தண்ணி மண்ணுக்குள்ள போவக்கூடாது, சரி. தூசியும் கெளம்பக்கூடாதே ஸார்" என்றார் அண்ணாச்சி. பயிற்சியாளர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

இரண்டு நாள் கழித்து மரக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூளோடு வந்தார். பிழிந்த துணி அளவுக்கு அதை ஈரமாக்கித் தரையில் தூவினார். மரத்தூளோடு சேர்த்துப் பெருக்கினார். தூசியும் எழவில்லை, தண்ணீரும் ஓடவில்லை. பயிற்சியாளர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்க் சீட்ல 'உலர்ந்த நிலை'ன்னு இருக்கே. உங்க மார்க் போயிரும், அண்ணாச்சி."

"எனக்கு அந்த ஷெட்டுக்குள்ள போவணும் ஸார். எந்த மூலையில என்ன கெடக்குன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்காவ இந்தப் பிள்ளையளக் காஞ்ச தூசிய கூட்டச் சொல்ல மாட்டேன்."

செய்முறைத் தேர்வு ஊருக்கு வெளியே, மூடிய ஆலையின் மருந்து ஷெட்டில் நடந்தது. உச்சி வெயில். வெளியூரிலிருந்து வந்த தேர்வு அதிகாரியை அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

"செருப்பக் கழத்திட்டு வாங்க ஸார்."

"இது ஷூ."

"அடியில ஆணி இருக்குல்லா."

"நான் தேர்வு அதிகாரி, தெரியுமில்ல?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க போயிட்டா எங்களுக்கு மார்க் போட ஆளு ஏது?"

அதிகாரி நம்பவில்லை. அண்ணாச்சி வாசல்படி இடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பல் நிறத் தூளை எடுத்தார். தள்ளிப் போய் ஒரு கல்லின்மேல் வைத்து, அதிகாரியின் ஜீப்பில் கிடந்த இரும்பு ஸ்பேனரால் மெல்லத் தட்டினார். படார் என்ற சத்தத்தில் வேலிக்கருவை மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. அதிகாரியின் கையிலிருந்த மார்க் தாள்களும் கிளம்பின. அவற்றைப் பொறுக்கும்போது அவர் காலில் ஷூ இல்லை. எப்போது கழற்றினார் என்று யாரும் பார்க்கவில்லை. அன்று மாலைவரை கரிசல் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றாரே தவிர, திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி ஈர மரத்தூள் தூவிப் பெருக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அதிகாரி நேர்மையானவர். கையேட்டைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் திருத்தம் வரும்வரை பழைய கையேடுதான் செல்லும் என்றார். அண்ணாச்சியைப் பின்பற்றியவர்களுக்குக் கொஞ்சம் மார்க் குறைந்தது. அண்ணாச்சிக்கு, வழிமுறையை மீறியதோடு அதிகாரியையும் தடுத்தார் என்று இரண்டு கோடுகள் விழுந்தன. எல்லோரும் தேறினார்கள். அவர் தேறவில்லை.

வேலை தொடங்கிய காலையில் ஒப்பந்தக்காரர் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்பினார். யாரும் நகரவில்லை.

"அண்ணாச்சி மொதல்ல போவட்டும். பெறவு நாங்க போறோம்" என்றாள் முத்தம்மா.

"அவருக்குச் சான்றிதழ் இல்லையேம்மா."

"அப்போ அத நீங்களே வச்சிக்கிட்டு நீங்களே கூட்டுங்க."

ஒப்பந்தக்காரர் யோசித்தார். சான்றிதழ் தேவைப்படாத வேலை அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செம்பண்ணாச்சியைக் காவலாளாகச் சேர்த்துக்கொண்டார். பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போவது காவலாளின் வேலைதானே. அவர் ஒவ்வொரு மூலையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகே மற்றவர்கள் நுழைந்தார்கள்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. செய்தி கிடைக்குமா என்று வாரம் ஒருமுறை சைக்கிளில் போவேன். "என்ன அண்ணாச்சி, ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லய்யா" என்பார், ஏதோ பெரிய சேதி சொல்கிறவர் மாதிரி. ஒன்றும் இல்லாததை யார் அச்சடிப்பார்கள் என்று சலித்துக்கொண்டே திரும்பிவிடுவேன். அந்த ஒன்றும் இல்லாததை நாள்தோறும் அவர்தான் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.