கனகாவின் மிக்சியும் என் மகளின் இன்டர்வியூவும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது இது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போய்விட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

என் கடைக்குட்டி தேவி பிசிக்ஸ் டிகிரி முடித்ததை எங்கள் பட்டாபிராம் தெருவில் ஏதோ வியாதி போலத்தான் விசாரித்தார்கள். "பிசிக்ஸா? அதுக்கு இன்னா வேல கெடைக்கும்?" பக்கத்து வீட்டுக் கனகா தன் மிக்சியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "கரண்டு படிப்புதானே, இத்த கொஞ்சம் பாத்துக் குடேன்." (தமிழ் படித்த பெண்ணைக் கல்யாணப் பத்திரிகை எழுதச் சொல்வார்களா? இந்தத் தெருவில் சொல்வார்கள்.) கனகாவின் தம்பி வேறு தினமும் அவள் போனில், ஸ்பீக்கரில், தேவியிடம் "பேங்க் பரீட்ச எழுது, பி.எட். பண்ணு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெளி ஆட்கள் முன் வாய் வராது. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன்.

ஒருநாள் காய் வாங்கித் திரும்பினேன். சமையலறையில் அரிசி டின்மேல் போனைச் சாய்த்துவைத்து தேவி நின்றிருந்தாள். மேலே இஸ்திரி போட்ட டாப்ஸ், கீழே பழைய பாவாடை. (சிக்னல் அந்த மூலையில்தான் வரும்.) போனில் ஆண் குரல்: "பிசிக்ஸ் படிச்சிட்டு எதுக்கும்மா இந்த வேலைக்கு வர்றீங்க? பேங்க் எக்ஸாம் எழுதலாம், பி.எட். பண்ணலாமே?"

கனகாவின் தம்பியேதான் என்று நினைத்தேன். காய்ப்பையோடு போன் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்பா, உனுக்கு வேற பொழப்பே இல்லியா? அவ இன்னா படிச்சா உனுக்கு இன்னா? மொதல்ல உங்கக்கா மிக்சிய வந்து எடுத்துக்கினு போ. சரி பண்ணி ஒரு வாரமாவுது, எடத்த அடச்சிகினு கீது."

போனுக்குள் டை கட்டிய ஒருவர். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"எம்மா," என்றாள் தேவி, அழாத குறையாக. "இன்டர்வியூ."

அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கம்பெனி. ஆறு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு. சொன்னால் நான் பதறுவேன் என்று சொல்லவில்லையாம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்குமேல் அந்த அம்மாளின் குரல்: "மிக்சில என்ன கோளாறு?"

"கார்பன் பிரஷ் தேஞ்சிருந்துச்சு மேடம்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தேவி சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

வேலை கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் விருந்தாளி முன் நான் தப்பித்தவறி வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் "எம்மா, இன்டர்வியூ" என்கிறார்கள். அதைக்கூடப் பொறுப்பேன். "எம் மிக்சியாலதான் அவளுக்கு வேலையே" என்று கனகா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி வேலையைச் சரியாக எழுதினேனா, தெரியாது. யாராவது தேவியைக் கேட்டுத் திருத்திவிடுங்கள். கனகாவை மட்டும் கேட்காதீர்கள்.