சீசாவில் ஏறிய தண்ணீர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பெட்ரோல் விலையைக் கேட்டுப் பயப்படாதவர் கிடையாது. பெட்ரோலையே பார்த்துப் பயந்தவர் எங்கள் வல்லத்திராக்கோட்டை சீசா அண்ணன் ஒருவர்தான்.

டவுனில் ஜெராக்ஸ் கடை. போகவர ஒரு பழைய பைக். பெட்ரோலில் எத்தனால் என்கிற சாராயத்தைக் கலக்கிறார்கள் என்று எவனோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனுஷருக்குத் தூக்கம் போயிற்று. டேங்க் டியூபைக் கழற்றிக் கண்ணாடி சீசாவில் பெட்ரோல் பிடிப்பார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவார். அடியில் நிற்கிற தண்ணீர் மட்டம் மேலே ஏறும்.

"பாத்தீங்களா தம்பி? நான் ஊத்துனது இம்புட்டு. இப்ப எம்புட்டு நிக்கிது! சாராயம் தண்ணியோட கூட்டுச் சேந்துருச்சு. டேங்குல ஈரம் எறங்குனா வண்டி நடுரோட்டுல படுத்துரும்."

"என் ஸ்கூட்டர் நல்லாத்தானண்ணே ஓடுது?"

"ஓடும். நிக்கிற அன்னைக்குத்தான் தெரியும்."

படுபாவி மனுஷர்! அதற்கப்புறம் ஸ்கூட்டர் லேசாக இருமினாலும் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம் மீனாக்கா, அவர் மனைவி. அக்காவுக்கு இளைப்பு. வந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். பெரியாஸ்பத்திரிக்கு அந்த பைக்கில்தான் ஓட வேண்டும். வண்டி நின்றால் அக்கா மூச்சும் நின்றுவிடும் என்றே அவர் நம்பினார்.

அதனால் மழைக்காலத்தில் சாயங்காலமானால் டேங்க்கை ஒட்ட வடித்துச் சீசாக்களில் அடைத்து, கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவார். காலையில் திரும்ப ஊற்றுவார். "ஈரத்துல வண்டி நிக்கிதோ இல்லையோ, ஒங்க பயத்துல வீடு பத்திக்கிரும்" என்பார் அக்கா.

போன ஐப்பசியில் ஒரு காலை, "தம்பீ!" என்று அலறல். எதிர்வீட்டிலிருந்து ஓடினேன். அக்கா சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்கிறார், மூச்சு விசிலடிக்கிறது. அண்ணன் பரணில் கைவிட்டு அகப்பட்ட சீசாவை டேங்க்கில் கவிழ்த்தார். அக்காவை ஏற்றிக்கொண்டு பறந்தார். மனசு கேட்காமல் நானும் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

கண்மாய்க்கரை மேட்டில் பைக் நின்றது. உதைத்தார், உதைத்தார், அசையவில்லை. சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, சீசா மாறிப்போச்சு! தண்ணி ஊத்திக் குலுக்குனத ஊத்தித் தொலைச்சுட்டேன்!"

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அக்காவை நடுவில் உட்காரவைத்து மூன்று பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து அண்ணன் குரல்: "தம்பி, எந்த பங்க்குல போட்டீங்க?"

"அண்ணே, சும்மா வாங்கண்ணே!"

"ராத்திரி வண்டி நனைஞ்சுச்சா?"

நனைந்திருந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ச்சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். திடீரென்று அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

"அக்கா!"

முதுகில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அப்பாடா, உயிர் இருக்கிறது!

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். நேரம் போகப் போக உதட்டில் நிறம் திரும்பியது. அக்கா மாஸ்க்கை விலக்கிக் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்கங்க?"

கொட்டுகிற மழையில், டேங்க்கில் தண்ணீரோடு, கண்மாய்க்கரையில் சாவியும் எடுக்காமல் கிடந்தது அந்த வண்டி.

"அது கெடக்கு கழுத" என்றார் அண்ணன், மாஸ்க்கைத் திரும்பப் பொருத்திக்கொண்டே. "நீ மூச்ச விடு தாயி."

எனக்கு அந்த மனுஷரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.