நாற்பது சிப்பிகளைக் குளிப்பாட்டிய தாய்மாமன்

பொதுவாக நான் எதையும் சுத்தம் செய்கிற ஆள் இல்லை. (என் ஸ்கூட்டரைக் கடைசியாகக் கழுவியது ஒரு புயல்.) வாழ்நாளில் ஒரே ஒரு நாள் விழுந்தடித்துச் சுத்தம் செய்தேன். அன்றைக்கு என் அக்கா மகளின் மூன்று வருஷ உழைப்பு கரைந்து போயிற்று.

அக்கா மகள் ஜெசிந்தா ஆராய்ச்சி செய்கிறவள். கொற்கை இன்று வாழைத் தோப்பும் வயலுமாக இருக்கிறது. ஒரு காலத்தில் கடல் அதன் வாசலில் கிடந்தது. அங்கே ஒரு வயலில் கிணறு தோண்டியபோது உள்ளங்கை அகலத்தில் பழைய சிப்பிகள் வந்தன. ஜெசிந்தா வெயிலில் கிணற்றடியிலேயே உட்கார்ந்து, எது எத்தனை அடியில் கிடைத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் போட்டாள். மொத்தம் நாற்பத்தொன்று. ஒட்டிய மண்ணோடு ஒரு பெட்டியில் அடுக்கினாள்.

"இதுல அப்படி என்னளா இருக்கு?" என்று கேட்டேன்.

"மரத்துல வளையம் இருக்கில்ல மாமா, அது மாதிரி சிப்பி வளர வளர ஓட்டுல கோடு விழும். அதைச் சுரண்டி மெஷின்ல வச்சா, அப்ப கடல் எவ்வளவு சூடா இருந்துச்சு, மழை பெய்ஞ்சு ஆத்துத் தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்."

"அப்ப வானிலை அறிக்கை வாசிக்கிறவரைவிடச் சிப்பி தேவலை."

சிரித்தாள். (என் ஜோக்குக்கு அவள் அடுத்துச் சிரிக்க இரண்டு வருஷம் ஆயிற்று.)

நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சரக்குக்கு உரிய காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவதே என் பிழைப்பு. எனவே பெட்டியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிற பொறுப்பை மார்தட்டி வாங்கிக்கொண்டேன். அங்கே அவளுக்கு மெஷின் கிடைத்தது இரண்டே வாரம். ஒரு தடித்த கவரையும் என் கையில் கொடுத்து, "எல்லாப் பேப்பரும் இதுல இருக்கு மாமா. நீங்க பெட்டியைத் திறக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

மறுநாள் காலை கூரியர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், பெட்டியில மண்ணு இருக்கா? மண்ணு இருந்தா சிக்கல் சார். மூணு மணிக்கு வண்டி வந்துரும்." அவள் மேலும் ஏதோ சொன்னாள். எனக்கு அதற்குள் கற்பனையில் பெட்டி பாதி உலகம் சுற்றித் திரும்பி வந்துவிட்டது. ஜெசிந்தாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் ஆகாயத்தில் இருந்தாள்.

மண்தானே சிக்கல்? மண்ணை எடுத்துவிட்டால்?

எங்கள் ஊரில் சிப்பியைச் சுத்தம் செய்ய வழி எல்லோருக்கும் தெரியும். நேரே சிப்பிக் கடை அண்ணாச்சியிடம் போனேன். சிப்பியில் விளக்கு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்து விற்பவர். கடைக்குப் பின்னால் ஆசிட் தொட்டி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதுல மண்ணு போகணும். உடனே."

"மண்ணு என்னவே, தோலே போயிரும். முக்கி எடுத்தா ஒவ்வொண்ணும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரும்."

நுரை பொங்கியது. "இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். (ஆமாம், அதையும் நான்தான் சொன்னேன்.) நாற்பது சிப்பிகள் பளபளவென்று வெளியே வந்தன. எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டார். தடவச் சொன்னேன். ஒன்றை மட்டும் முக்காமலே ஓரமாகப் போட்டிருந்தார்.

"ஓரம் உடைஞ்சு கெடக்கு. இது வெலை போகாது."

அதை மண்ணோடு ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டேன்.

மூன்று மணிக்குக் கூரியர்காரர் வந்து காகிதம் கேட்டார். அப்போதுதான் கவரைப் பிரித்தேன். மேலாகவே இருந்தது, முத்திரை குத்திய அனுமதிக் கடிதம்: மண் ஒட்டிய சிப்பிகளை அப்படியே அனுப்பலாம். கூரியர் பெண் கேட்டதும் இதைத்தான். மண் இருந்தால் கூடவே ஒரு காகிதம்.

கையெழுத்துப் போட்டேன். பெட்டி போயிற்று.

ஐந்தாம் நாள் ஜெசிந்தா கூப்பிட்டாள். "மாமா, பெட்டி மாறிப் போச்சா? இங்கன எல்லாம் ஷோகேஸ் சிப்பியா இருக்கு."

"மாறலைளா. மண்ணு இருந்துச்சேன்னு லேசா..."

சிப்பிகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நம்பர் எங்க மாமா?" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம்தான் பென்சில் ஞாபகம் வந்தது. "நீ போட்டோ எடுத்து வச்சிருப்பியே!"

"போட்டோவுல இருக்கிற மூஞ்சி ஒண்ணுகூட இப்ப இங்கன இல்லையே மாமா."

சுரண்ட வேண்டிய மேல் ஓடு ஆசிட்டில் போயிருந்தது. எது எந்த ஆழத்துச் சிப்பி என்பதும் போயிருந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால், கிணற்றுக்கு அடிவரை சிமெண்ட் உறை இறக்கியாகிவிட்டது. அவள் திட்டவில்லை. அக்காதான் வந்து திட்டினாள்: "ஏலே, ஊர்ல உள்ளவன் பேப்பரை எல்லாம் நீ பாக்குற. வீட்டுப் பிள்ளை பேப்பரைப் பாக்கத் தெரியலையோ?"

ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த உடைந்த சிப்பியை அன்றே எடுத்துப் பார்த்தேன். மண்ணும் இருந்தது, பென்சில் எண்ணும் இருந்தது. அதே கடிதத்தின் நகலோடு அனுப்பினேன். அதிலிருந்து ஏழு மழைக்காலம் கிடைத்தது. நாற்பத்தொரு சிப்பிகளில் அவள் தேடப் போனது எத்தனை தலைமுறை மழையையோ. தலைப்பை மாற்றி, ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவ நான் எழுந்தால் போதும். "ஐயோ, மாமா கழுவப் போறாரு!" என்று வீடே அலறும். ஜெசிந்தாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க மாமா, ஏழு வருஷமாவது மிச்சம் வச்சீங்களே" என்பாள்.

நானும் சிரித்துவைப்பேன். அந்த ஏழு வருஷத்தையும் மிச்சம் வைத்தது நான் இல்லை. விலை போகாது என்று ஒதுக்கிப் போட்ட சிப்பிக் கடை அண்ணாச்சி.