பலகையை நகர்த்திய கணக்கு டீச்சர்

கல்வித் துறை மேலிடத்துக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, தானே அதற்கு வழி செய்து, அது தீர்ந்ததா என்று தானே பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் செயலாய்வு என்று பெயர். குழம்பில் உப்புப் போட்டு, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் போடுவதும் இதுதான். ஆனால் அதற்கு யாரும் பயிற்சி முகாம் நடத்துவதில்லை.

கணக்கு டீச்சருக்கு யோசனை பிடித்துப்போனது. மதியத்துக்குமேல் அவர் வகுப்புக் கரும்பலகையில் ஜன்னல் வெயில் பட்டுக் கண் கூசும். பிள்ளைகள் எட்டை மூன்று என்று எழுதித் திட்டு வாங்குவார்கள். டீச்சர் காவலாளியைத் துணைக்கு அழைத்துப் பலகையை எதிர்ச் சுவரில் மாட்டினார். பெஞ்சுகளையும் திருப்பிப் போட்டார். மறுநாள் எட்டு எட்டாகவே தெரிந்தது. வாயே திறக்காத ஒரு பெண் கை தூக்கி விடை சொன்னாள். 

அந்தச் சந்தோஷத்தில் டீச்சர், செயலாய்வுகளை மேற்பார்க்கும் ஆய்வு அலுவலரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"தீர்ந்துபோச்சா?" அலுவலர் பதறினார். "யாரைக் கேட்டும்மா தீர்த்தீங்க?"

"நீங்கதான சார் தீர்க்கச் சொன்னீங்க?"

"ஆய்வு பண்ணித் தீர்க்கச் சொன்னேன்! சிக்கலே இல்லாத வகுப்புல எதை ஆய்வு பண்ணுவீங்க? பலகையைப் பழையபடி மாட்டுங்க. பிள்ளைங்க முறைப்படி கஷ்டப்படட்டும். நீங்க உற்றுநோக்குங்க. அனுமதி வந்ததும் தீர்த்துக்கலாம்."

பலகை வெயிலுக்குத் திரும்பியது. அந்தப் பெண் மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சர் நொந்துபோய் வீட்டுக்கு வந்து, கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பினால், கட்டில்மேல் ஈரத்துண்டு.

"ஏங்க, எத்தனை தடவை சொல்றது?"

"எடுக்காத!" என்றார் கணவர். "நீ இப்ப உற்றுநோக்கல் கட்டத்துல இருக்க. அவசரப்பட்டுக் கொடியில போட்டா ஆய்வு கெட்டுடும்."

அனுமதி ஒருவழியாக வந்தது. பலகை எதிர்ச் சுவருக்குப் போனது, மதிப்பெண் ஏறியது, ஆய்வுக்கு விருதும் கிடைத்தது. கையோடு ஆணையும் பிறந்தது: எல்லாப் பள்ளிகளிலும் பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றுக.

அறிவியல் வாத்தியார் அலுவலரிடம் ஓடிவந்தார். "சார், எங்க வகுப்புல நிழல்தான் இருந்துச்சு. மாத்தினப்புறம்தான் வெயிலே அடிக்குது."

"பிரமாதம்! உங்களுக்கும் சிக்கல் கிடைச்சுடுச்சு. ஆய்வைத் தொடங்குங்க."

அங்கே வந்திருந்த கணக்கு டீச்சர் நிம்மதியாகச் சொன்னார்: "என் பலகை ஏற்கெனவே எதிர்ச் சுவர்லதான் சார் இருக்கு."

"அதுக்கு எதிர்ச் சுவர் எதும்மா?"

பெற்றோர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. வெயில் கூசாமலிருக்கப் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டி அனுப்பினார்கள். யார் பிள்ளையுடையது விலை உயர்ந்தது என்பதில்தான் பள்ளி வாசலில் கொஞ்சம் வாய்த்தகராறு.