கத்தரிப்பூத் துண்டும் ஓடாத டவுன் பஸ்ஸும்

வீடியோ கேம் செய்கிறவர்களுக்கென்று உலகத்தின் முதல் சங்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், அமெரிக்கா, ஜப்பான் என்று ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். அத்தனையும் தப்பு. உத்திரமேரூரில், ஒரு மாவு மில் மாடியில் தொடங்கியது. நம்பாதவர்கள் அதை ஆரம்பித்தவரிடமே நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் அவரிடம் போனவர்கள் யாரும் ஏதாவது ஒரு சங்கத்தில் சேராமல் திரும்பியதில்லை. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவரைச் சங்கத்தார் என்போம். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள், ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் ஒரே வேலை செய்வதைக் கண்டால் சங்கம் வைத்துவிடுவார். மூன்று பேர் என்றால் கொடியும் ஏற்றிவிடுவார். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், மைக் செட்காரர்கள், கல்யாண வாசலில் வாழைமரம் கட்டுகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவருடைய சங்கங்களில்தான் இருந்தார்கள். தோளில் எப்போதும் கத்தரிப்பூ நிறத் துண்டு. "மத்த கலரையெல்லாம் கட்சிக்காரன் எடுத்துக்கினான் நைனா. இது ஒண்ணுதான் மிச்சம் கீது" என்பார். பஸ் காலியாக வந்தாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் கோரிக்கை மறந்துபோகுமாம்.

மாவு மில் மாடியில் அப்போது புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்திருந்தது. அதன் உரிமையாளர் தன்னை டைரக்டர் என்று அழைக்கச் சொல்வார். கழுத்தில் டை, ஆனி மாத வெயிலிலும் கழற்ற மாட்டார். கீழே மில் ஓடும்போது மேலே மானிட்டர்கள் ஆடும். அங்கே நாங்கள் மூன்று பேர் பாடத்தை முடித்துவிட்டு, கேம் செய்துகொண்டிருந்தோம். ஷமீம் புரோகிராம் எழுதுவாள், மோசஸ் படம் வரைவான், நான் ஓட்டிப் பார்த்து இடித்துத் தள்ளுவேன். சாலவாக்கம் போகும் டவுன் பஸ்தான் கேம். எருமைகள், ரோட்டில் காயும் நெல், நடுவில் நிற்கும் ஆடுகள் எல்லாவற்றையும் தாண்டி வண்டியை ஊர் சேர்க்க வேண்டும்.

நோட்டீஸ் அடிக்க மேலே வந்த சங்கத்தார் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்கோ?"

"கேம் செய்யறோம்."

"ஆடறீங்களா, செய்யறீங்களா?"

"செய்யறோம்."

"எத்தினி பேரு?"

"மூணு பேரு."

"சங்கம் கீதா?"

"இல்ல."

பஸ்ஸில்கூட உட்காராத மனிதர், அதிர்ச்சியில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிங்களா! அனாதையா கீறீங்களே!"

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் எங்கள் ஊர். அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. சங்கத்தாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "குடம்லாம் வாணாம், கைய தூக்கு" என்றார். தூக்கினோம். நான் தலைவர், ஷமீம் செயலாளர், மோசஸ் பொருளாளர். உறுப்பினராக இருப்பதற்கு ஆள் மிஞ்சவில்லை. தலைவர் நானாக இருந்தும் அவரைத்தான் நாங்கள் 'தலைவரே' என்று கூப்பிட்டோம்.

கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு பொத்தான்கூடத் தெரியாது. அதற்காக யோசனை சொல்லாமல் இருப்பாரா? "வண்டில கண்டக்டர் எங்க? அவன் வேலைய யாரு தின்னா?" என்றார். கண்டக்டரை வரைந்தான் மோசஸ். மூன்று முறை இடித்தால் கேம் முடிந்துவிடும் என்று சொன்னோம். கொதித்துப் போனார். "விசாரணை இல்லாமயா? டிரைவர் பக்கத்த யாரு கேக்கறது?" அதையும் சேர்த்தோம். எருமையை இடித்தால் விளக்கம் கேட்கிற கேம் உலகத்தில் எங்களுடையது மட்டும்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் தள்ளிய ஆடுகளுக்கெல்லாம் விளக்கம் கொடுத்து என் தமிழ் நன்றாகத் தேறியது.

எங்களுக்கு அது விளையாட்டு. ஷமீமுக்கு அப்படி இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே, மில் மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், அவள் அத்தாவுக்கு இரும்புக் கடை. மகள் மாடியில் கேம் ஆடுகிறாள் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாய் கோபத்தில் கத்துகிறவர் அல்ல. "சென்டர் ஆண்டு விழாவுக்கு வரேன். மேடையில உன் பேரச் சொன்னாங்கன்னா காலேஜ்ல கம்ப்யூட்டர் எடுத்துப் படி. சொல்லலன்னா கடைசி நாள் அதுதான்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு முந்தின வாரம் கேமைத் திறந்தோம். முதல் திரையில் டை கட்டிய டைரக்டரின் போட்டோ. அதன் கீழே 'உருவாக்கம்' என்று அவர் பெயர். எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஷமீம் மவுஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக அத்தாவின் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத்தார் துண்டை உதறிக்கொண்டு டைரக்டரின் அறைக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"என் மிஷின், என் கரண்டு. அப்ப என் கேம்தானே?" என்றார் டைரக்டர்.

"கீழ மில்லுலதான உங்க வூட்டு மாவு அரைக்கிறீங்கோ? மிஷினும் கரண்டும் அவனுதுதான். உங்க வூட்டு தோசைய அவன் சுட்டதுன்னு சொல்லிக்கலாமா?"

டைரக்டர் கதவைக் காட்டினார்.

மாடிப்படியிலேயே உண்ணாவிரதம் என்று முடிவெடுத்தார் சங்கத்தார். ஷமீம் பதறிவிட்டாள். "வேணாம் தலைவரே. கடை எதிர்லதான் இருக்கு. படியில உக்காந்திருக்கறத அத்தா பாத்தாருன்னா அன்னிக்கே வூட்டுக்கு இட்டுக்கினு பூடுவாரு."

படியில் விரிக்க எடுத்த துண்டைச் சங்கத்தார் மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "பாப்பா, இந்த வண்டி யாரு சொன்னா ஓடுது?"

"நான் எழுதினா ஓடும்."

"எழுதலன்னா?"

"நிக்கும்."

"அப்புறம் இன்னாத்துக்கு நாம படில குந்திக்கினு பட்டினி கெடக்கறது? வண்டிய நிறுத்து!"

விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. பஸ் கேம் என்பதால் பக்கத்து ஊர் பஸ் டிப்போவின் மேலாளரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார் டைரக்டர். பாய் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்தார் வழக்கம்போல் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். பெரிய திரையில் டவுன் பஸ் கிளம்பியது. "இது என் சொந்த முயற்சி" என்று மைக்கில் சொல்லியபடி டைரக்டர் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். ஏரிக்கரை வளைவு வரைக்கும்.

வளைவில் வண்டி நின்றது. கண்டக்டர் விசில் ஊதி இறங்கினார். டிரைவர் இறங்கினார். பிரயாணிகள் வரிசையாக இறங்கிச் சாலையில் உட்கார்ந்தார்கள். கடைசியாக எருமை ஒன்று வந்து அவர்களோடு படுத்துக்கொண்டது. (எருமை மோசஸின் சொந்த யோசனை. சங்கத் தீர்மானத்தில் இல்லை.) கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கொடி ஏறியது.

டைரக்டர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். வண்டி அசையவில்லை.

டிப்போ மேலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பாவம், எத்தனை வருஷப் பழக்கமோ! "யாருய்யா அது? நோட்டீஸ் குடுத்தீங்களா? இன்னா கோரிக்கை?"

"வைரஸ் சார்" என்றார் டைரக்டர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"வைரஸ் கொடி புடிக்குமாய்யா?"

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "கோரிக்க ஒண்ணுதாங்க. வண்டிய செஞ்சவங்க பேர போடணும். போட்டா போவும்."

"அவ்ளோதானா? பேசித் தீத்துக்கலாம்பா, மொதல்ல வண்டிய எடுங்க. பின்னாடி எத்தினி வண்டி நிக்குதோ!" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார் மேலாளர். பிறகு மைக்கை வாங்கி, "யாரு செஞ்சது? மேல வாங்க" என்றார்.

மோசஸும் நானும் ஷமீமைப் பார்த்தோம். அவள் எழுந்து போனாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, டைரக்டர் நகர்ந்த இடத்தில் நின்று மூன்று பெயர்களையும் தட்டினாள். மேலாளர் அவற்றை உரக்கப் படித்தார், முதலில் ஷமீம் பெயரை. எருமை எழுந்தது. பிரயாணிகள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். வண்டி கிளம்பியதில் மேலாளருக்கு இருந்த சந்தோஷம் எங்களுக்குக்கூட இல்லை.

பாய் கைதட்டவில்லை. மேடைக்கு அருகே வந்து, "நம்ம கடை இதுல வருமா?" என்று மட்டும் கேட்டார். ஷமீம் ஒரு பொத்தானை அமுக்கினாள். பஸ் நிலையம் வந்தது, எதிரே இரும்புக் கடை. பாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"போர்டு பழசா கீதே. புதுசா பெயிண்ட் அடிச்சோமே, அத மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் காலேஜுக்குப் போவது அந்த இடத்தில் முடிவானது.

மறுநாள் டைரக்டர் எங்களை விரட்டிவிட்டார். சங்கத்தார் மில்காரரிடம் பேசி, மாடிப்படியின் முதல் படிக்கு மேலே 'உத்திரமேரூர் வட்ட வீடியோ கேம் செய்வோர் சங்கம்' என்று போர்டு மாட்டினார். படி மில்லுக்குச் சொந்தம். டைரக்டர் சென்டரைக் காலி செய்கிறவரை தினமும் அந்தப் போர்டுக்குக் கீழேதான் குனிந்து போனார்.

ஷமீம் இப்போது சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதல் பெரிய கேம் முடிந்தபோது, நன்றி சொல்லும் இடத்தில் போடுவதற்காகச் சங்கத்தாரின் சொந்தப் பெயரைக் கேட்டு என்னை அனுப்பினாள். மனிதர் சீறினார். "நான் இன்னா செஞ்சேன்? செஞ்சவங்க பேருதான் வரணும். அதுக்குத்தான அன்னிக்கு வண்டியவே நிறுத்துனோம்? போ நைனா, பேஜார் பண்ணாத."

பெயர் கிடைக்காமல் திரும்பினேன்.

போன வாரம் அந்தப் பழைய டவுன் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தேன். எத்தனை கூட்டம் ஏறினாலும் முன்பக்கத்தில் ஒரு சீட் மட்டும் நிரம்பவே இல்லை. தப்பு இருக்கிறது என்று ஷமீமுக்குப் போன் செய்தேன்.

"தப்பில்ல. அது தலைவர் சீட்டு."

"அவர்தான் உக்காரவே மாட்டாரே?"

"தெரியும்" என்றாள். "இருந்தாலும் எடம் இருக்கட்டும்."