ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மனித குலம் கண்டெடுத்த செல்வங்களில் தலையாயது தேர்வுச் சுதந்திரம். அதன் விலை, இன்றைய நிலவரப்படி, பூஜ்ஜியம். இணையத்திலிருந்து நாற்பது விநாடியில் இறக்கிக்கொள்ளலாம். விலை கேட்காமல் வாங்கிய சரக்குதான் கடைசியில் கடையையே காலி செய்யும் என்று கடைவீதியில் சொல்வார்கள். பாவம், கடைவீதிக்காரர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது.

செம்மைப் பிரிவின் வரைவாளருக்குத் தெரியும். மற்றப் பிரிவுகள் எழுதும் கடிதங்களிலிருந்து வெட்டிச் சொற்களைக் களைந்து அனுப்புவதே அந்தப் பிரிவின் திருப்பணி. மொத்தம் மூன்றே பேர்: தலைவி, தட்டச்சு அக்கா, இவர். எந்நேரமும் தம் கணினியைத் தட்டித் திருகிச் சரிசெய்துகொண்டே இருப்பதால் இவருக்குப் 'பட்டறை' என்று பெயர். கணினியில் எழுதுவதற்கு அவர் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்திருந்த உரைத்திருத்தி லேசுப்பட்டதல்ல. அதன் ஒவ்வொரு அசைவையும் நாமே கட்டளை எழுதி மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலும் எழுதலாம் என்று கேள்வி. அப்படி எழுதியவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தலைமையகத்திலிருந்து ஓலை வந்தது. 'உங்கள் பிரிவு எதற்குத் தேவை? வெள்ளி மாலை ஐந்து மணிக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்குக. தவறினால் பிரிவு கலைக்கப்படும்.'

"ஒரு பக்கம்தானே? நான் பேனாவுல எழுதித் தந்துடறேன்," என்றார் அக்கா. "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு தம்பி. நடுவுல வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா பென்ஷன் போச்சு."

"பேனாவா?" பட்டறை அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதுல எத்தனை ஆப்ஷன் இருக்குக்கா?"

"மூடி இருக்கு. தொறக்கலாம், மூடலாம்."

"பாத்தீங்களா!"

பொறுப்பு பட்டறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அன்று முழுவதும், எழுத்து விழும் இடத்தில் கண்சிமிட்டுமே ஒரு சின்னக் கோடு, அதற்குச் செலவாயிற்று. விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் விரட்டுவதுபோல் இருந்தது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்றால் தூங்கி வழிந்தது. மாலையில் ஒன்றேகால் விநாடியில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது. கோடு ஓடும் அழகைச் சோதிக்க ஏதாவது ஒரு வரி வேண்டுமே? காதில் நின்றதைத் தட்டினார்: 'எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.' கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. பட்டறைக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாயன்று, பத்தித் தொடக்கத்தில் விடவேண்டிய இடம் இரண்டா நான்கா என்பது குறித்துத் தலைவியின் முன்னிலையில் கூட்டம் நடந்தது. மூன்று என்று முடிவாயிற்று. மூன்று யாருக்குமே பிடிக்காததால் யாருக்கும் மனக்கசப்பில்லை.

புதன்கிழமை விசைகளின் முறை. 'செய்ததை ரத்து செய்' என்ற விசை நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. தப்பு செய்கிறவனுக்கல்லவா ரத்து? அந்த விசையைத் திரையின் நிறம் மாற்றும் பணிக்கு உயர்த்தினார்.

தலைவி எட்டிப் பார்த்தார். "பட்டறை சார், எவ்வளவு வந்திருக்கு?"

"ஆயிரத்து எழுநூறு வரி மேடம்."

"ஐயோ! ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

"இது செட்டிங் ஃபைல் மேடம். லெட்டர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அப்பாடா!" தலைவி நிம்மதியாகப் போய் அமர்ந்தார்.

வியாழக்கிழமை மகுடம் சூட்டும் நாள். பிரிவின் முப்பதாண்டு அனுபவத்தையும் பிழிந்து 'சொற்சிக்கனம்' என்றொரு அமைப்பை அவர் படைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வெட்டிச் சொற்களின் பட்டியல் அது. அவற்றில் ஒன்று இருந்தாலும், சேமிக்கும்போது அந்த வாக்கியமே நீங்கிவிடும். மிச்சமிருப்பது மனிதத் தாமதமின்றி உரியவருக்குத் தானே போய்ச் சேரும்.

வெள்ளி மாலை நாலு இருபதுக்குத் தலைவி எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார். "மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்கு..." பட்டறையின் விரல்கள் பறந்தன. 'இன்றியமையாத பணிகளைச் செவ்வனே', 'ஆவன செய்யுமாறு', 'காலத்தின் கட்டாயம்'. இருபத்திரண்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் ஒரு தேர். அதே கோப்பில் அழிக்காமல் விட்டிருந்த திங்கட்கிழமைச் சோதனை வரி மேலே நகர்ந்து திரையை விட்டு மறைந்திருந்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பட்டறை சேமித்தார்.

இருபத்திரண்டு தேர்களும் நிலைக்கு வராமலே மறைந்தன. பதறிப்போய் ரத்து விசையை அழுத்தினார். திரை பூசணிப்பழ நிறமாயிற்று. மறுபடி அழுத்தினார். கத்தரிப்பூ நிறம்.

"கலர் நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. "லெட்டர் எங்க தம்பி?"

"போயிடுச்சுக்கா."

"தலைமையகத்துக்கா?"

"மிச்சமிருந்தது போயிருக்கு."

அடுத்த திங்களன்று பதில் வந்தது. 'தங்கள் விளக்கம் ஒரு பக்கத்துக்கு மிகவில்லை. வெட்டிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் இவ்வலுவலகத்துக்கு வந்த முதல் கடிதம் இதுவே. பாராட்டுகள். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் உள்ளவர் கணக்குப் பிரிவில் தொடரலாம். பிரிவில் வேறு யாரும் இருப்பதாகவோ ஏதும் நடப்பதாகவோ கடிதத்தில் குறிப்பில்லை. ஆகவே பிரிவு கலைக்கப்படுகிறது.'

கணினிகளை அன்று மதியமே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விடைபெறுமுன் கடைசி வாரத்துப் பணிக் கணக்கைத் தாளில் எழுதித் தரவேண்டும். அக்கா தம் பேனாவை நீட்டினார். மூடியைத் திறக்கப் பட்டறைக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு நேர்மையாகவே எழுதினார்:

அமைப்புக் கோப்பு: 2,140 வரி.
கடிதம்: 23 வரி.
வெட்டியெனக் கழிந்தது: 22.
மீதி: 1. அது அக்காவுடையது.
கருவியில் பழுது: ஏதும் இல்லை.