ரோமாபுரிக்கு முச்சந்தி ஆகாது

ரோமாபுரியில் இனி ஒரு வீடுகூட எரியக் கூடாது என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தேன்.

ரோமாபுரி என் லேப்டாப்பில் இருக்கிறது. நான் வெண்ணந்தூரில் இருக்கிறேன். பழங்கால ரோமானிய நகரத்தை நாமே கட்டி ஆளும் விளையாட்டு அது. சாலை போட்டால் மக்கள் வருவார்கள். மக்கள் வந்தால் தீ வரும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டதாரி ஆளும் ஊர் தினமும் எரிந்தால் யாரிடம் சொல்வது? மனைவி மைதிலியிடம் சொன்னேன். அதுதான் தப்பு.

"ஏனுங்க, அந்த ஊர்ல ஒரு வருசம் தீப்பிடிக்காம உங்களால பாத்துக்க முடியுமுங்களா?"

"முடியும் புள்ள."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். முடியலீன்னா தினமும் சாயங்காலம் லேப்டாப் எனக்கு. குரூப் ஃபோர் பரீச்சைக்குப் படிக்கோணும்."

"முடிஞ்சுதுன்னா?"

"நான் ஃபோன்லயே படிச்சுக்கறேன். கண்ணு போனாப் போகுது."

விளையாட்டில் ஒரு வருடம் என்றால் நமக்கு அரை மணி நேரம். ஒத்துக்கொண்டேன்.

பதினொரு தீயணைப்பு நிலையம் கட்டினேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் வாளியோடு ரோந்து கிளம்புவார். அவர் அடிக்கடி கடந்து போகும் வீடு எரியாது. ஏற்பாடு பிரமாதம். மார்ச் மாதம் தானியக் கிடங்கு எரிந்தது. மறுபடி தொடங்கினேன். மே மாதம் குளியல்கூடம் எரிந்தது. அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு அது எப்படி எரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு ஊர் சாம்பல்.

சனிக்கிழமை, மைதிலி புளி கரைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அந்த வாளிக்காரரு எங்கீங்க போறாரு?"

"தெரியல. முச்சந்தி வந்தா அவரு இஷ்டத்துக்குத் திரும்பிருவாரு."

"ஆளில்லாத பக்கம்கூடவா?"

"அங்கதான் அதிகமாப் போறாரு."

"உங்களாட்டமுங்க."

தினமும் சாயங்காலம் நான் பால் வாங்கப் போகும் வழியில் ஒரு முச்சந்தி. முச்சந்தியில் டீக்கடை. டீக்கடையில் என் நண்பன் ஜெகதீஸ்வரன். கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆவது என் குற்றமல்ல. மைதிலி திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எங்கப்பா தறிப்பட்டறையில எட்டுத் தறிய ஒரே ஆளு பாக்கறாருங்க. நூலு அறுந்தா உடனே தெரியோணும்ல? அதனால சுத்தி வர ஒரே வழிதான். நடுவுல ஒரு கதவு இருந்துச்சு. எங்கப்பா செவுரு வெச்சு அடைச்சுட்டாரு."

"எதுக்கு?"

"அந்தப் பக்கம் பீடிக்கடைங்க. நீங்களும் ரோட்டை வட்டமாப் போட்டு, பிரியற வழியெல்லாம் வெட்டி உடுங்க."

நம்பிக்கையில்லாமல்தான் செய்தேன். வாளிக்காரர் புறப்பட்டார். திரும்ப இடமில்லை. சுற்றினார். மறுபடி சுற்றினார். மார்ச் போனது, மே போனது, டிசம்பரும் போனது. ஒரு பொறிகூட இல்லை.

"ஜெயிச்சுட்டேன் புள்ள."

"ஆருங்க?"

"நான்தான்."

"உங்களால முடியுமான்னுதானுங்களே பேச்சு?"

என் கஷ்டமே என் நேர்மைதான். லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினேன். புளிக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரக்கப்பட்டு எனக்கு ஒரு வடையும் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் படிக்க உட்கார்ந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ஏனுங்க, இனிமே ராமாத்தாள் அக்கா ஊட்ல பால் வாங்கிக்கலாமுங்க. நேத்தே சொல்லி வெச்சுட்டேன். நம்ம சந்துலயே நேராப் போங்க. வரும்போது எங்கப்பா பட்டறைக்குப் பின்னால சுத்தி வந்துருங்க."

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நேராகப் போனேன். பால் வாங்கினேன். சுற்றி வந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் என் வீட்டு வாசலில் நின்றேன்.

வழியில் ஒரு முச்சந்திகூட வரவில்லை.